மாமிச டைனோசர் எலும்பை எப்படி இனம் பிரிக்கிறாங்க? எங்ககிட்ட அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல டியூஷன் எடுக்கிறவன். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பசங்கள வேன்ல ஏத்திகிட்டு பாண்டி வழியா திருவக்கரை கல்மரம், அதான் கல்லா மாறிப்போன மரம், பாக்க போவோம். போகும்போது பாட்டு, வரும்போது டைனோசர் கேள்வி, இதான் வழக்கம். பசங்க கேக்குறதோட நிக்காம அவங்க அப்பா அம்மாவும் போன் போட்டு "சார், பையன் டி-ரெக்ஸ் கோழிக்கு சொந்தம்னு சொல்றான், நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாமே"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

திருவக்கரைல தோண்டுனா டைனோசர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்காதுங்க. அங்க இருக்கிற கல்மரத்துக்கு சுமார் 2 கோடி வருஷம் வயசு, ஆனா பறவைங்கள தவிர மத்த டைனோசர் எல்லாம் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே போய் சேர்ந்துடுச்சு. நடுவுல இருக்கிற இடைவெளியே 4 கோடிக்கு மேல. அந்த மரங்க கிடக்கிற பாறைக்கு உலகம் பூரா புவியியல் படிக்கிறவங்க வச்சிருக்கிற பேரே கடலூர் மணற்கல்தான், நம்ம கேப்பர் மலை செம்மண்ணும் அந்த வகையறாதான். ஊர் பேரு பாறைக்கு வந்ததுல எனக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு, ஆனா அதுக்குள்ள டைனோசர் இல்லங்கிறத ஒத்துக்கத்தான் வேணும். 1781லயே சொன்னெராங்கிற பிரெஞ்சுக்காரர் திருவக்கரை மரங்கள பத்தி எழுதி வச்சிருக்காரு, அப்படி பழைய பேரு வாங்குன இடம், அதனால வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு போறவங்க அப்படியே இதையும் எட்டி பாத்துட்டு வாங்க.

அப்ப பாண்டி பக்கம் டைனோசர் காலத்து பாறையே இல்லையா?

இருக்கே. வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர் பக்கம் இருக்கிறது டைனோசர் காலத்து பாறைதான். ஆனா அப்ப அந்த இடமெல்லாம் கடல். அதனால கிடைக்கிறது சிப்பி, நத்தை, சுருள் சுருளா இருக்கிற அம்மோனைட், இந்த மாதிரிதான். இங்கேருந்து போன ஃபாசில்கள வச்சு எட்வர்டு ஃபோர்ப்ஸ்ங்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1846லயே லண்டன்ல உக்காந்து எழுதியிருக்காரு. டைனோசர் தரைல நடந்த பிராணி, எப்பவாவது ஒண்ணு செத்து ஆத்துல மிதந்து கடலுக்கு வந்தாதான் உண்டு. தரைல படிஞ்ச மண்ணு வேணும்னா நீங்க அரியலூர் பக்கம் கல்லமேடு போகணும்.

கல்லமேட்டுல மாமிச டைனோசர் கிடைச்சிருக்கா?

கிடைச்சிருக்கு, ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி முழு எலும்புக்கூடு எதுவும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல, 1860கள்ல, அரியலூர் பக்கத்துல ஒரு பல்லு கிடைச்சுது, அத மெகலோசாரஸ்னு எழுதி வச்சாங்க. அப்புறம் 2013ல அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் எல்லாம் சேர்ந்து கல்லமேட்டுலேருந்து இன்னொரு பல்லு, துளியூண்டு பல்லு, அத ட்ரூடான்டிட்ங்கிற சின்ன மாமிச டைனோசர் வகையோடதுன்னு எழுதுனாங்க. ட்ரூடான்டிட் எல்லாம் அதுவரைக்கும் வட அமெரிக்கா, ஆசியா பக்கம்தான்னு பேச்சு, இந்தியாவோ அப்ப ஆசியாவோட ஒட்டவே இல்ல, தனித்தீவா கடல்ல மிதந்து வந்துகிட்டு இருந்துச்சு, அதனால அந்த ஒரு பல்லு பெரிய சேதியாச்சு.

இதவிட பெரிய கதை ஒண்ணு கல்லமேட்டுல இருக்கு, அத கீழ தனியா சொல்றேன். அவசரப்படாதீங்க.

1860கள்ல கிடைச்சத ஏன் மெகலோசாரஸ்னு சொன்னாங்க? அது இங்கிலாந்து டைனோசர் ஆச்சே?

கரெக்டா புடிச்சீங்க. 1824ல வில்லியம் பக்லண்ட் இங்கிலாந்துல ஒரு தாடை எலும்பு, கொஞ்சம் கால் இடுப்பு எலும்பு வச்சு மெகலோசாரஸ்னு பேரு வச்சாரு, அறிவியல் முறைப்படி முதல்ல பேரு வாங்குன டைனோசர் அதுதான். டைனோசர்ங்கிற வார்த்தையே 1842லதான் வந்துச்சு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, உலகத்துல எங்க வளைஞ்ச, கருக்கு வச்ச பெரிய பல்லு கிடைச்சாலும் அத மெகலோசாரஸ் கணக்குல தள்ளிட்டாங்க. நம்ம வீட்டுல எந்த பொருளுக்கு இடம் இல்லையோ அது பரண் மேல போகும்ல, அந்த மாதிரி. மடகாஸ்கர்ல 1896ல கிடைச்சது மெகலோசாரஸ், சகாரால கிடைச்சது 1925ல மெகலோசாரஸ். அப்புறம் பரணை ஒழிச்சு பாத்தா மடகாஸ்கர்காரன் மஜுங்காசாரஸ், சகாராக்காரன் கார்கரோடான்டோசாரஸ், ரெண்டும் மெகலோசாரஸுக்கு ரொம்ப தூரத்து சொந்தம். நம்ம அரியலூர் பல்லும் அந்த பரண் சாமான்தான்.

பெருசா இருக்கு, மாமிசம் திங்குது, அப்ப எல்லாம் ஒரே குடும்பம்தானே?

இதுதாங்க எல்லாரும் சறுக்குற இடம். பெரிய ஆளுங்களே சறுக்கியிருக்காங்க. ஃபிரெட்ரிக் ஃபொன் ஹூயூனேன்னு ஒரு ஜெர்மன்காரர் 1920 வாக்குல பெரிய மாமிச டைனோசர் எல்லாம் கார்னோசர், சின்னதெல்லாம் சீலுரோசர்னு ரெண்டு கூறு போட்டாரு. பாக்க சுலபமா இருந்துச்சு, ரொம்ப நாள் புத்தகத்துல அப்படியேதான் ஓடுச்சு, டி-ரெக்ஸ், அலோசாரஸ், மெகலோசாரஸ் எல்லாரும் ஒரே கூட்டம். 1980, 90கள்ல எலும்ப ஒவ்வொரு அடையாளமா எண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு பாக்க ஆரம்பிச்சதும் கூட்டம் கலைஞ்சுது. டி-ரெக்ஸ் போய் சின்னவங்க கூட்டத்துல உக்காந்துகிச்சு. இப்ப கணக்குப்படி டி-ரெக்ஸுக்கு அலோசாரஸ விட உங்க வீட்டு கோழி கிட்டத்து சொந்தம், பையன் சொன்னது சரிதான், அடிக்காதீங்க.

பசங்களுக்கு நான் இப்படி சொல்வேன். ஊர்ல ஆறடி ஆளுங்க பத்து பேரு இருக்கிறதால பத்து பேரும் பங்காளி ஆயிடுவாங்களா? ஒரே குலதெய்வம் கும்பிடுறவன்தான் பங்காளி, ஒருத்தன் குள்ளமா இருந்தாலும் ஒருத்தன் வெளிநாட்டுல இருந்தாலும். உயரம் யாருக்கு வேணா வரும். அதே மாதிரி பெரிய தலை, குட்டை கை இதெல்லாம் தனித்தனியா பல குடும்பத்துல வந்திருக்கு, டி-ரெக்ஸ் வம்சத்துல ஒரு தடவை, மஜுங்காசாரஸ் இருக்கிற அபெலிசாரிட் வம்சத்துல ஒரு தடவை, அர்ஜென்டினால 2022ல பேரு வச்ச மெராக்ஸஸ் இருக்கிற கார்கரோடான்டோசாரிட் வம்சத்துல ஒரு தடவை. மூணு பேரும் கைய சுருக்கிகிட்டாங்க, ஆனா மூணு பேரும் பங்காளி இல்ல. குலதெய்வம் மாதிரி, பாட்டன்கிட்டேருந்து மட்டுமே வரக்கூடிய அடையாளம் எதுன்னு தேடுறதுதான் இந்த மொத்த வேலையும்.

சரி, எலும்பு கைக்கு வந்தா முதல்ல எதப் பாப்பாங்க?

ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்பு வச்சா எலும்ப தூக்கி போடாதீங்க, கழுவி காயவச்சு எடுத்துக்கோங்க, பாதி பாடம் அதுலயே இருக்கு.

முதல்ல இடுப்பு. கோழியோட முதுகு பீஸ்ல தொடை எலும்பு பொருந்துற குழி இருக்கும், விரலால தடவி பாத்தீங்கன்னா அது குழி இல்ல, ஓட்டை, அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியும். நம்ம மனுஷ இடுப்புல கிண்ணம் மாதிரி மூடியிருக்கும், முதலைக்கும் பெரும்பாலும் மூடிதான். ஓட்டை விழுந்த இடுப்பு டைனோசரோட பெரிய அடையாளம். இது தெரியாம, இல்ல இடுப்பு கிடைக்காம, தாடைய மட்டும் வச்சு முடிவு பண்ணா என்னாகும்? ஜெர்மனில 1861ல டெரட்டோசாரஸ்னு ஒரு மேல்தாடைக்கு பேரு வச்சாங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆதிகால பெரிய மாமிச டைனோசர்னே அதுக்கு மரியாதை, 1980கள்ல பாத்தா அது முதலை பரம்பரை.

ரெண்டாவது, எலும்பு உள்ள எப்படி இருக்கு. தெரோபாட்னு சொல்ற மாமிச டைனோசர் கூட்டத்துக்கு (1881ல மார்ஷ் வச்ச பேரு) கை கால் எலும்பு குழாய் மாதிரி, சுவர் மெல்லிசு, நடுவுல காலி. நீளக்கழுத்து சாரோபாடுக்கு கால் எலும்பு கிட்டத்தட்ட கெட்டி தூண்.

மூணாவது விரலும் பாதமும். கோழி கால வச்சு மண்ணுல அழுத்துங்க, முன்னால மூணு விரல் பதியும், தெரோபாட் தடமும் அப்படித்தான். கைல அலோசாரஸுக்கு மூணு விரல், டி-ரெக்ஸுக்கு ரெண்டு, கார்னோடாரஸுக்கு கட்டை கட்டையா நாலு. கோழி நெஞ்சுக்கு மேல ஒடிச்சு விளையாடுற கவட்டை எலும்பு இருக்கே, அது டி-ரெக்ஸுக்கும் உண்டு. இத சொன்ன அன்னைக்கு வேன்ல ஒரு பையன் பிரியாணி பொட்டலத்த பிரிச்சவன் அப்படியே மூடி வச்சுட்டான், "சார் இது டைனோசரா சார்"னு கேட்டான். ஆமாம்பா சாப்பிடுன்னேன்.

அப்புறம் மண்டையோட்டுல எத்தன ஓட்டை, மூக்கு மேல எலும்பு சொரசொரப்பா வழவழப்பா, முதுகெலும்புல காத்துப்பை போன குழி எங்க, கணுக்கால் எலும்பு எவ்வளவு ஒசரம் ஏறியிருக்கு, இப்படி நூத்துக்கணக்கான அடையாளத்த அட்டவணை போடுவாங்க. அத முழுசா எழுதினா நீங்க தூங்கிடுவீங்க.

பல்லு மட்டும் கிடைச்சா போதுமா?

பல்லுதான் அதிகமா கிடைக்கும். டைனோசருக்கு ஆயுசு பூரா பல்லு விழுந்து முளைக்கும், ஒரே பிராணி நூத்துக்கணக்குல உதிர்த்துட்டு போயிருக்கும். சேதராப்பட்டு பக்கம் எடுத்தேன்னு ஒருத்தர் காட்டுனா நான் முதல்ல சுறாவான்னுதான் பாப்பேன். துறைமுகத்துல மீன் வாங்கி பழகுனவங்களுக்கு இது சுலபம், சுறா பல்லு தட்டையா முக்கோணமா இருக்கும், அடில ரெண்டு பக்கமும் காலு விரிச்ச மாதிரி வேரு. தெரோபாட் பல்லு பின்னால வளைஞ்சு, கொஞ்சம் தடிமனா, கத்தி அலகு மாதிரி.

விளிம்புலதான் விஷயம். நெல் அறுக்குற கருக்கருவாள பாத்திருக்கீங்களா, அதோட கருக்கு எப்படி பொடி பொடியா ஒரே பக்கமா சாஞ்சு நிக்குதோ அதே மாதிரி தெரோபாட் பல்லு விளிம்புல இருக்கும். லென்ஸ் வச்சு 5 மில்லிமீட்டருக்கு எத்தன கருக்குன்னு எண்ணுவாங்க, முன் விளிம்புல எத்தன, பின் விளிம்புல எத்தன, கருக்கு சதுரமா இருக்கா, நுனிய பாத்து கொக்கி போட்டிருக்கா. ட்ரூடான்டிட்னா பல்லு சின்னது, கருக்கு மட்டும் அதுக்கு பொருந்தாம பெருசா கொக்கி கொக்கியா இருக்கும். டி-ரெக்ஸோட முன்பல்ல குறுக்க வெட்டுனா ஆங்கில D எழுத்து. ஸ்பைனோசாரஸுக்கு முதலை மாதிரி கூம்பு பல்லு, கருக்கே இல்ல. கார்கரோடான்டோசாரஸுங்கிற பேரே பெரிய வெள்ளைச்சுறா பேர ஒட்டி வச்சதுதான்.

ஆனா பல்ல மட்டும் வச்சு புதுப்பேரு வைக்கிறது எனக்கு புடிக்காது. குடும்பம் வரைக்கும் சொல்லலாம், ஆள சொல்ல முடியாது. ஒரே வாயில முன்பல்லு ஒரு மாதிரி, கடைவாய் பல்லு ஒரு மாதிரி இருக்கும்போது எத நம்பறது?

சின்ன எலும்பு கிடைச்சா அது குட்டியா இல்ல வேற இனமா?

இதுல இன்னும் சண்டை ஓயல. அமெரிக்கால 1942ல ஒரு சின்ன மண்டையோடு கிடைச்சுது, 1946ல டி-ரெக்ஸோட சொந்தக்காரன் கோர்கோசாரஸ்னாங்க, 1988ல நானோடைரனஸ்னு தனிப்பேரு குடுத்தாங்க, அப்புறம் நிறைய பேரு இது டி-ரெக்ஸ் குட்டிதாங்கன்னு சொல்லிட்டாங்க. எலும்ப மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல பாத்தா மரத்துல வருஷ வளையம் மாதிரி கோடு தெரியும், அத எண்ணலாம். 2020ல இதே மாதிரி ரெண்டு எலும்புக்கூட சீவி எண்ணி 13, 15 வயசு வளர்ற பிள்ளைங்கன்னு சொன்னாங்க, கேஸ் முடிஞ்சுதுன்னு நானும் பசங்களுக்கு சொல்லிக்குடுத்துட்டேன். 2025ல வேற ஒரு எலும்புக்கூட வச்சு, இது வளர்ச்சி நின்ன பெரிய ஆளு, கை டி-ரெக்ஸ விட பெருசு, வால்ல எலும்பு எண்ணிக்கையே வேற, இது தனி இனம்தான்னு நேச்சர் இதழ்ல வந்துடுச்சு. போன பேட்ச் பசங்ககிட்ட மன்னிப்பு கேட்டு வாட்ஸ்அப்ல போட்டேன். ஒருத்தன் மட்டும் "அப்ப பரிட்சைல எத சார் எழுதறது"ன்னு கேட்டான்.

நம்ம நாட்டுல முழு கதை தெரிஞ்ச மாமிச டைனோசர் எது?

ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத் பாலசினோர் பக்கம் ராஹியோலில 1980கள்ல தோண்டுனது, பேரு வச்சது 2003ல. நடுவுல இருபது வருஷம் எலும்பு சும்மா கிடந்துச்சு. ஆனா தோண்டும்போது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்து சுரேஷ் ஸ்ரீவஸ்தவா எந்த எலும்பு எந்த இடத்துல எந்த பக்கம் பாத்து கிடந்துச்சுன்னு வரைபடம் போட்டு வச்சிருந்தாரு. அந்த வரைபடத்த விரிச்சு வச்சுதான் மண்டையோடு, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே ஆளோடதுன்னு அப்புறம் வந்தவங்க சேர்த்தாங்க. தலைல ஒத்தை கொம்பு மேடு, அபெலிசாரிட் குடும்பம், அதாவது மடகாஸ்கர் மஜுங்காசாரஸோட பங்காளி.

வரைபடம் இல்லேன்னா என்னாகும்னு ஜபல்பூர பாத்தா தெரியும். 1923ல மேட்லிங்கிறவர் லாமெட்டாசாரஸ்னு பேரு வச்சாரு, உடம்பு பூரா கவசம் போட்ட டைனோசர்னு. இடுப்பும் கால் எலும்பும் மாமிச டைனோசரோடது, கவசத்தகடு சாரோபாடோடது, பல ஆளு எலும்பு ஒரே மூட்டைல கலந்துடுச்சு. 1933ல அதே ஊர்லேருந்து வந்த இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் ரெண்டையும் டி-ரெக்ஸ், அலோசாரஸ் பக்கம் சாச்சு வச்சிருந்தாங்க, 1985ல அர்ஜென்டினால அபெலிசாரஸ்னு ஒண்ணு பேரு வாங்குனதுக்கு அப்புறம்தான் நம்மாளுங்க எந்த வீட்டு பிள்ளைங்கன்னே தெரிஞ்சுது.

கல்லமேட்டு பெரிய கதைன்னீங்களே?

வர்றேன். பி. யாதகிரி, கே. அய்யாசாமின்னு புவியியல் ஆய்வு நிறுவனத்துல இருந்த ரெண்டு பேரு கல்லமேட்டுல ராட்சச எலும்புகள கண்டுபுடிச்சாங்க. இடுப்பெலும்பு, தொடையெலும்பு, முன்கை எலும்பு, வால் எலும்பு, அப்புறம் முழங்காலுக்கு கீழ இருக்கிற எலும்பு ஒண்ணே 2 மீட்டர் நீளம். நம்ம வீட்டு வாசக்கால் ஒசரம் வச்சுக்கோங்க, அது வெறும் கெண்டைக்கால் எலும்பு. பிருகத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க, பிருகத்னா பெரிய, காயம்னா உடம்பு. 1987ல வந்த கட்டுரைல அத எந்த கூட்டத்துல சேர்த்தாங்க தெரியுமா? கார்னோசர். மாமிசம் திங்குறவன்!

டி-ரெக்ஸோட அதே எலும்பு ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேலதான் வரும். அப்ப அரியலூர்ல டி-ரெக்ஸ விட ரெண்டு மடங்கு காலோட ஒரு மாமிச டைனோசர் நடமாடுச்சுன்னு அர்த்தம் ஆகுது. நினைச்சா ஜோராத்தான் இருக்கு. ஆனா 1990கள்ல சங்கர் சாட்டர்ஜி இது தெரோபாட் இல்ல, டைட்டனோசர்னு சொன்னாரு, அதாவது நீளக்கழுத்து வச்சுகிட்டு தழை திங்குற சாரோபாட். ஒரே வரில புலி பசுவா ஆயிடுச்சு.

சரி, எலும்ப எடுத்து பாத்து தீர்த்துக்க வேண்டியதுதானேன்னா, எலும்பு இல்ல. களிமண்ணுல ஊறி பொலபொலன்னு இருந்த எலும்பு, மழை வெயில்னு பட்டு, ஆய்வுக்கூடம் போய் சேர்றதுக்குள்ளயே நொறுங்கி போச்சு. கட்டுரைல இருந்தது கோட்டுப்படம்தான், அத பாத்த வெளிநாட்டுக்காரங்க சில பேரு இது எலும்பே இல்ல, கல்மரமா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. இத படிச்ச அன்னைக்கு எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல, ஏன்னா அந்த சந்தேகத்துல நியாயம் இருக்கு, அரியலூருக்கு பக்கத்து சாத்தனூர்லயே 18 மீட்டர் நீள கல்மரம் கிடக்கே. அப்புறம் 2022ல அய்யாசாமியும் இன்னொருத்தரும் சேர்ந்து அந்த பழைய போட்டோக்கள வெளியிட்டாங்க, மண்ணுக்குள்ள எலும்பு கிடக்கிற கிடப்பு, பூசுன பிளாஸ்டர் எல்லாம் தெரியுது. எலும்புதான், டைட்டனோசர்தான்னு இப்ப பெரும்பாலும் ஒத்துக்கிட்டாங்க, உலகத்துலயே பெரிய தரைப்பிராணி இதுவான்னு கூட பேச்சு ஓடுது. ஆனா அளந்து பாக்க கைல ஒண்ணும் கிடையாது, போட்டோவும் எண்ணும்தான்.

எலும்பா கல்மரமான்னு நாங்க எப்படி தெரிஞ்சுக்கறது?

உடைஞ்ச முனைய பாருங்க. மரம்னா நார் ஒரே திசைல ஓடும், குறுக்க வளையம் தெரியும். எலும்புன்னா வெளிய கெட்டி, உள்ள ரஸ்க் மாதிரி பொடி பொடி ஓட்டை. நாக்க வச்சா ஒட்டுனா எலும்புன்னு பழைய ஆளுங்க ஒரு சோதனை சொல்வாங்க, பொதுவா வேலை செய்யும், ஆனா எங்க வேன்ல அது தடை, ஆடு மாடு மேயுற இடம்.

ஒரு டைனோசருக்கு ரெண்டு பேரு வந்துட்டா?

முதல்ல வச்ச பேருதான் செல்லும். ஆனா விதிவிலக்கு உண்டு, 1892ல கோப் ரெண்டு முதுகெலும்புக்கு மானோஸ்பாண்டைலஸ்னு பேரு வச்சாரு, அது அனேகமா டி-ரெக்ஸோடதுதான். டி-ரெக்ஸ்ங்கிற பேரு 1905ல ஆஸ்போர்ன் வச்சது. நியாயப்படி கோப் ஜெயிக்கணும், யாருமே புழங்காத பழைய பேர வச்சு ஊரே புழங்குற பேர தூக்க முடியாதுன்னு விதி இருக்கிறதால டி-ரெக்ஸ் பொழச்சுது.

பெரம்பலூர்ல டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

2020ல குன்னம் பக்கம் குளத்துல வந்தது முட்டை இல்ல, கடல் காலத்து உருண்டைப் பாறை, அம்மோனைட்ட சுத்தி படிஞ்சது. ஃபார்வர்டு பண்றத நிறுத்துங்க சித்தப்பா.

என்கிட்ட ஒரு கல்லு இருக்கு, என்ன பண்ணட்டும்?

உடைக்காதீங்க, வார்னிஷ் அடிக்காதீங்க, எடுத்த இடத்துலயே பக்கத்துல ஒரு ஸ்கேலோ பத்து ரூபா காசோ வச்சு நாலு பக்கமும் போட்டோ எடுங்க, கூகுள் மேப்ல இடத்த குறிச்சுக்கோங்க. திருவக்கரை பூங்காவுக்குள்ள இருக்கிறத தொடவே கூடாது, அது அரசாங்க சொத்து. அப்புறம் பக்கத்துல புவியியல் துறை இருக்கிற காலேஜ்ல காட்டுங்க.

போன மாசம் ஒரு அக்கா அவங்க அப்பா காலத்து ஐஸ்கிரீம் டப்பா ஒண்ண கொண்டாந்தாங்க. உள்ள பஞ்சுல சுத்தி ஒரு கல்லு, டைனோசர் நகம்னு அவங்க வீட்டுல முப்பது வருஷமா நம்பிக்கை. பாத்தா சிப்பி, வளைஞ்ச வகை சிப்பி. அக்கா முகம் சுருங்கிடுச்சு. ஆனா பஞ்சுக்கு அடில பழுப்பேறுன ஒரு துண்டு சீட்டு, பால்பாயிண்ட் எழுத்து: "வழுதாவூர் ஏரி மேக்கால கரை, மதகுலேருந்து நாப்பது தப்படி, மழைக்கு அப்புறம்." அந்த சீட்ட பத்திரமா லேமினேட் பண்ணுங்கக்கான்னு சொன்னேன். கல்ல விட சீட்டதான் நான் ரொம்ப நேரம் கைல வச்சிருந்தேன்.